மங்கோலியர் ஆட்சி வெல்லப்பட்ட நாடுகளை என்ன செய்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கோலியர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். ஊர் ஊராகக் கொன்று தீர்த்தவர்கள் என்பார்கள். அல்லது பட்டுப்பாதையைத் திறந்து கிழக்கையும் மேற்கையும் சேர்த்து வைத்தவர்கள் என்பார்கள். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருக்கு என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்காதவரை இரண்டுமே அரைகுறைதான். இங்கே அப்படிப் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன்.

பேரரசு எவ்வளவு காலம் இருந்தது?

1206இல் புல்வெளி இனக்குழுக்கள் கூடி, தெமுஜின் என்பவரைச் செங்கிஸ்கானாக ஏற்றுக்கொண்டதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. அவர் 1227இல் இறந்தார். மகன் ஒகதேய், பேரன்கள் குயுக், மோங்கே என்று 1259 வரை எல்லாம் ஒரே பெரிய கானுக்குக் கீழே இருந்தது. மோங்கே இறந்ததும் வாரிசுச் சண்டை வந்தது. அதற்குப் பிறகு நடைமுறையில் நான்கு அரசுகள்: சீனாவிலும் மங்கோலியாவிலும் குப்லாய் கானின் யுவான் அரசு, ஈரானிலும் ஈராக்கிலும் ஹுலாகு வழியினரின் ஈல்கானரசு, ரஷ்யாவை ஒட்டிய புல்வெளியில் தங்க நாடோடிக் கூட்டம், நடு ஆசியாவில் சகதாயி கானரசு. ஈரானில் 1335க்குப் பிறகு ஆட்சி சிதறியது. சீனாவில் 1368இல் முடிந்தது. மாஸ்கோ கப்பம் கட்டுவதிலிருந்து முழுதாக விடுபட்டது 1480இல்தான். ஆக, "மங்கோலியர் ஆட்சி" என்று ஒரே சொல்லால் சொன்னாலும் ஒரு நாட்டில் அது 80 ஆண்டு, இன்னொன்றில் 240 ஆண்டு.

எல்லா நாட்டையும் ஒரே மாதிரியாகவா நடத்தினார்கள்?

இல்லை. ஒரு நாட்டின் கதி பெரும்பாலும் இரண்டு விஷயங்களால் முடிவானது. எப்போது, எப்படிப் பணிந்தது என்பது ஒன்று. வென்றபின் மங்கோலியர் அங்கேயே வந்து தங்கினார்களா, தூரத்தில் இருந்துகொண்டு வரி மட்டும் வாங்கினார்களா என்பது மற்றொன்று.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டைப் பாருங்கள். இன்றைய சிஞ்சியாங்கின் துர்பான் பகுதியை ஆண்ட உய்குர் அரசர் பார்ச்சுக் 1209இல் தானாகவே போய்ப் பணிந்தார். செங்கிஸ்கான் தன் மகளை அவருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தார். உய்குர் எழுத்துதான் மங்கோலிய மொழிக்கு முதல் எழுத்தானது. உய்குர் எழுத்தர்களும் அதிகாரிகளும் பேரரசு முழுவதும் பதவியில் அமர்ந்தார்கள். படை கேட்டால் படை, வரி கேட்டால் வரி என்று அவர்களும் விலை கொடுத்தார்கள். ஆனால் மொழியும் ஊரும் மிஞ்சின.

அவர்களுக்குக் கிழக்கே இருந்தது தங்குத்து மக்களின் மேற்கு சியா அரசு. அதுவும் முதலில் பணிந்ததுதான். 1219இல், நடு ஆசியாவையும் ஈரானையும் ஆண்ட குவாரசமிய அரசோடு நடந்த போருக்குப் படை அனுப்பச் சொன்னபோது மறுத்துவிட்டது. செங்கிஸ்கான் அதை மறக்கவில்லை. 1226-27இல் திரும்பி வந்து அந்த அரசையே துடைத்தெடுத்தார். அந்தப் போரின் நடுவில்தான் அவர் இறந்தார்; தலைநகர் சரணடைந்தபின் அரச குடும்பம் கொல்லப்பட்டது. தங்குத்து மக்கள் எல்லோரும் அழிந்துவிடவில்லை. அவர்கள் எழுத்தில் பௌத்த நூல்கள் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சாகியிருக்கின்றன. ஆனாலும் தனக்கென அரசும் வரலாறு எழுதுபவரும் இல்லாமல்போன அந்தச் சமூகம் மெல்லக் கரைந்தது. 1908-09இல் ரஷ்யப் பயணி கோஸ்லோவ், கராகோட்டோ என்ற பாழடைந்த நகரில் ஆயிரக்கணக்கான ஏடுகளைக் கண்டெடுத்த பிறகுதான் உலகம் அவர்களைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கியது. என்னைக் கேட்டால், மங்கோலியர் செய்த அழிவுகளில் அதிகம் பேசப்பட வேண்டியதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

கொல்லப்பட்டவர்கள் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவதை நம்பலாமா?

அப்படியே நம்ப முடியாது. அதற்காக ஒதுக்கியும் விட முடியாது. 1221இல் மெர்வ் நகரில் மட்டும் 13 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். அந்தக் காலத்து நகரம் எதிலும் அவ்வளவு பேர் இருந்திருக்க வழியில்லை. கிராமங்களிலிருந்து ஓடிவந்து அடைக்கலம் புகுந்தவர்களைச் சேர்த்தாலும் கணக்கு உதைக்கிறது. பாக்தாதில் இரண்டு லட்சத்துக்கு மேல் கொன்றதாக ஹுலாகுவே 1262இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயிக்குக் கடிதம் எழுதினார். அது கொன்றவர் பெருமைக்குச் சொன்ன எண். பார்த்தவரை நடுங்க வைப்பதுதான் அவர்களுடைய போர் முறையே. எண்ணைப் பெரிதாக்கிக் காட்ட அவர்களுக்கும் காரணம் இருந்தது.

நான் அதிகம் மதிப்பது நேரில் பார்த்தவர்கள் போகிற போக்கில் சொன்ன சிறு குறிப்புகளை. செங்கிஸ்கான் அழைத்ததால் சீனாவிலிருந்து பயணம் போன தாவோயிசத் துறவி சியூ சூஜி, வீழ்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத சமர்கந்தில் தங்கினார். முன்பு ஒரு லட்சம் குடும்பங்களுக்கு மேல் இருந்த நகரில் கால் பங்குதான் மிஞ்சியிருக்கிறது, வயலிலும் தோட்டத்திலும் சீனர்களும், வட சீனாவை முன்பு ஆண்ட கித்தான் இனத்தாரும், தங்குத்துகளும் வேலை செய்கிறார்கள் என்று அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. 1246இல் கீவ் வழியாகப் போன போப்பின் தூதர் கார்ப்பினி, அந்தப் பெரிய நகரில் இருநூறு வீடுகள் இருந்தால் அதிகம் என்கிறார்.

வட சீனாவுக்குக் கணக்கெடுப்பே இருக்கிறது. மங்கோலியருக்கு முன் வட சீனாவை ஆண்ட சின் அரசின் 1207ஆம் ஆண்டுக் கணக்கில் 80 லட்சத்துக்கு மேல் குடும்பங்கள். 1236 வாக்கில் மங்கோலியர் எடுத்த கணக்கில் சுமார் 11 லட்சம். இந்த வித்தியாசம் முழுவதும் சாவு என்று எடுத்துக்கொள்வது தவறு. தெற்கே தப்பிப் போனவர்கள், இளவரசர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அடிமையாகி வரிப் பதிவேட்டில் ஏறாதவர்கள், ஒளிந்தவர்கள் எல்லோரும் அதில் அடங்குவார்கள். ஆனால் ஒரு தலைமுறைக்குள் பதிவேட்டிலிருந்து அத்தனை குடும்பங்கள் மறைந்த நாட்டில் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதற்குத் துல்லியமான எண் தேவையில்லை.

ஈரானும் குராசானும் மட்டும் ஏன் அவ்வளவு மோசமாகப் பாதிக்கப்பட்டன?

1218இல் குவாரசமிய அரசின் ஒத்ரார் என்ற எல்லை ஊரில் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகர்களை உளவாளிகள் என்று சொல்லி ஆளுநர் கொன்றார். நியாயம் கேட்டு வந்த தூதரையும் குவாரசமிய ஷா கொன்றார். அடுத்து வந்த படையெடுப்பில் புகாரா, சமர்கந்து, உர்கெஞ்ச், பால்க், மெர்வ், நிஷாபூர், ஹெராத் என்று அந்தக் காலத்தின் பெரிய நகரங்கள் எல்லாம் 1220-22க்குள் வீழ்ந்தன. சில ஊர்கள் முதலில் பணிந்து, படை நகர்ந்ததும் கிளர்ந்து, இரண்டாம் முறை அடிவாங்கின. ஹெராத் அப்படித்தான்.

ஆனால் நகரத்தை மறுபடி கட்டிவிடலாம். அங்கே உண்மையில் உடைந்தது தண்ணீர். ஈரானின் வறண்ட நிலத்தில் பயிர் நிற்பது கனாத்துகளால்தான். மலையடிவாரத்து நிலத்தடி நீரைக் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் வெட்டிச் சரிவாக ஊருக்குக் கொண்டுவரும் கால்வாய்கள் அவை. ஆண்டுதோறும் இறங்கித் தூர்வாராவிட்டால் அடைத்துக்கொள்ளும். அந்த வேலை தெரிந்த பரம்பரைத் தொழிலாளிகள் கொல்லப்பட்டோ ஊரைவிட்டு ஓடியோ போனால், எதிரி கைவைக்காத கால்வாயும் சில ஆண்டுகளில் செத்துவிடும். நம் ஏரி மதகுகளும் வாய்க்கால்களும் கவனிப்பார் இல்லாமல் எப்படித் தூர்ந்துபோகின்றன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் வரி வந்தது. தலைவரி, வணிக வரி, தூதர்களுக்குச் சாப்பாடும் குதிரையும் கொடுக்கும் கடமை என்று ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே வரியை ஆண்டில் பல முறை வசூலித்தார்கள். நடு ஈரானின் யஸ்து பகுதியில் வரி வசூலிப்பவர் வருவதைக் கூரையிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வைத்து, மக்கள் கனாத்துக்குள்ளே போய் ஒளிந்துகொண்டார்கள் என்று ரஷீதுத்தீன் எழுதுகிறார். அவர் ஈல்கானரசின் அரசர் கசன் கானின் அமைச்சர். தன் எசமானின் சீர்திருத்தம் பெரிதாகத் தெரிய முந்தைய நிலையைக் கொஞ்சம் கறுப்பாகவே வரைந்திருக்கலாம். இருந்தாலும் மங்கோலிய அரசுக்குள்ளேயே இருந்த ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஈரானில் எதுவுமே நல்லது நடக்கவில்லையா?

நடந்தது, ஆனால் தாமதமாக. 1295இல் பட்டத்துக்கு வந்த கசன் கான் இஸ்லாமைத் தழுவினார். வரி விகிதத்தை முன்கூட்டியே நிர்ணயித்து எல்லோருக்கும் தெரியும்படி ஊரில் எழுதிவைக்கச் சொன்னார். எடை, அளவு, நாணயம் எல்லாம் ஒரே தரமாயின. தரிசை உழுபவர்களுக்குச் சலுகை கொடுத்தார். அரசு வருமானம் 1.7 கோடி தினாரிலிருந்து 2.1 கோடியாக உயர்ந்ததாக முஸ்தவ்ஃபி என்ற நிதி அதிகாரி குறிப்பிடுகிறார். அதே முஸ்தவ்ஃபி, மங்கோலியர் வருவதற்கு முன்பு இருந்த வளம் திரும்பவில்லை என்றும் விளக்கமாகப் பதிவுசெய்கிறார்.

அறிவுத்துறையில் கதை வேறு. வடமேற்கு ஈரானின் மராகாவில் 1259இல் நசீருத்தீன் தூசி தலைமையில் வானாய்வகம் எழுந்தது. ஹுலாகு அதற்குப் பணம் கொடுத்தார். தப்ரீஸ் உலகச் சந்தையானது. ரஷீதுத்தீன் சீனர், இந்தியர், யூதர், ஐரோப்பியர் என்று பல மக்களின் வரலாற்றையும் ஒரே தொகுப்பில் கொண்டுவந்தார். பாரசீக ஓவியத்தில் சீன மேகமும் டிராகனும் வந்து சேர்ந்தன. கலீபாக்களின் நிழல் விலகியதும் ஈரான் தனி நாடு என்ற எண்ணத்துக்கு உயிர் வந்தது, பாரசீகம் ஆட்சி மொழியாக மேலும் வலுத்தது. இதில் எதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மராகாவில் நட்சத்திரம் பார்த்தவர் வாழ்க்கையும், யஸ்தில் கனாத்துக்குள் ஒளிந்தவர் வாழ்க்கையும் ஒரே ஆட்சியின் கீழ் நடந்தவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஈடுகட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை.

1258இல் பாக்தாத் வீழ்ந்ததோடு இஸ்லாமிய நாகரிகமே முடிந்துவிட்டதா?

முடியவில்லை. பாக்தாத் அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. சுற்றுப்புறப் பாசனமும் பல காலமாகச் சீர்கெட்டிருந்தது. பிப்ரவரி 1258இல் நகரம் சரணடைந்தபின் நடந்த கொலையும் கொள்ளையும் பயங்கரமானவை; கலீபா அல் முஸ்தஸிம் கொல்லப்பட்டார். டைக்ரிஸ் ஆறு புத்தக மையால் கறுத்தது என்பது பிற்காலத்தில் வளர்ந்த கதை. நூல்கள் ஏராளமாக அழிந்தன, ஒரு பகுதியைத் தூசி மராகாவுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே பாக்தாதின் நிர்வாகம் முன்பு சொன்ன ஜுவைனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கால்வாய் வெட்டிச் சீரமைக்கவும் செய்தார்.

உண்மையில் மாறியது மையம். 1260இல் அய்ன் ஜாலூத் போரில் மங்கோலியரை நிறுத்திய எகிப்தின் மம்லூக்குகள், அடுத்த ஆண்டு கெய்ரோவில் ஒரு பெயரளவுக் கலீபாவை அமர்த்தினார்கள். அரபு மொழிக் கல்வியின் தலைநகரம் கெய்ரோவானது. ஈராக்கோ, பேரரசின் நடுவிலிருந்து அதன் எல்லை மாகாணமாக இறங்கியது. அந்த இறக்கத்திலிருந்து அது பல நூற்றாண்டுகளுக்கு மீளவில்லை.

கைவினைஞர்களைக் கொல்லாமல் விட்டார்கள் என்கிறார்களே?

விட்டார்கள், விடுதலையாக அல்ல. நகரம் விழுந்ததும் மக்களை வெளியே நிறுத்தி, நெசவாளர், கொல்லர், தச்சர் என்று தொழில் தெரிந்தவர்களைத் தனியாகப் பிரித்து, இளவரசர்களுக்குப் பங்கு போட்டார்கள். ஹெராத்தின் நெசவாளர்கள் இன்றைய சிஞ்சியாங்கிலுள்ள பெஷ்பாலிக்குக்குப் போனார்கள். சமர்கந்து பகுதி நெசவாளர்கள் வட சீனாவில் குடியேற்றப்பட்டு, பொன் சரிகைப் பட்டு நெய்தார்கள். மங்கோலிய அரசவை உடுத்திய அந்தப் பட்டு ஐரோப்பா வரை புகழ்பெற்றது.

1254இல் மங்கோலியத் தலைநகர் காரகோரத்துக்குப் போன பிரான்சிஸ்கன் துறவி ரூப்ருக்கு, அங்கே பாரிஸைச் சேர்ந்த பொற்கொல்லர் கியோம் பூஷே என்பவரைச் சந்தித்தார். ஹங்கேரியில் பிடிபட்டவர். கானின் அரண்மனையில் வெள்ளியில் ஒரு மரம் செய்து, அதன் குழாய்களில் திராட்சை மதுவும் குதிரைப்பால் மதுவும் வழியும்படி வைத்திருந்தார். அதே ஊரில் மெட்ஸ் நகரப் பெண் பாக்கெத், ஒரு ரஷ்யத் தச்சரை மணந்துகொண்டு வாழ்ந்தார். அங்கே வருவதற்கு முன் பட்ட கொடுமைகளை அவர் ரூப்ருக்கிடம் சொல்லியிருக்கிறார். "பண்பாட்டுப் பரிமாற்றம்" என்று நாம் எழுதுவதில் பெரும்பங்கு இப்படி இழுத்து வரப்பட்டவர்களின் கை வேலை. இதை அந்தச் சொல்லோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

சீனாவில் வடக்குக்கும் தெற்குக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இடையில் நாற்பது ஆண்டு அனுபவம் இருந்தது. வடக்கைப் பிடித்தபோது, விளைநிலத்தை எல்லாம் மேய்ச்சல் நிலமாக்கிவிடலாம் என்ற யோசனைகூட அரசவையில் எழுந்தது. கித்தான் அறிஞர் யெலூ சூசாய், விவசாயிகளை உயிரோடு விட்டால் ஆண்டுதோறும் எவ்வளவு வெள்ளியும் பட்டும் தானியமும் வரும் என்று ஒகதேயிடம் கணக்குக் காட்டித் தடுத்தார். லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த வாதங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அப்துர் ரஹ்மான் என்ற வணிகர் வசூலை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றபோது, வரி வசூல் உரிமை அவருக்கே போனது.

தெற்கு சோங் அரசைக் குப்லாய் பிடித்தபோது, அங்கே என்ன செல்வம் இருக்கிறது என்பது தெரிந்தே வந்தார்கள். எதிர்த்த சாங்சோவில் பெரும் படுகொலை நடந்தது. தலைநகரான ஹாங்சோ 1276இல் சரணடைந்து, சூறையாடப்படாமல் தப்பியது. நிலக்கிழார்களின் நிலம் அவர்களிடமே இருந்தது. கடைசி எதிர்ப்பு 1279இல் யாமென் கடற்போரில் முடிந்தது.

இழப்பு வேறு இடத்தில் விழுந்தது. மங்கோலியர், மேற்கிலிருந்து வந்த பிற இனத்தார், வட சீனர், தென் சீனர் என்று நான்கு படிநிலை. தென் சீனர் கடைசி. அரசுப் பதவிக்கான தேர்வு 1315 வரை நடக்கவே இல்லை. நடந்தபோதும் நான்கு பிரிவுக்கும் சம இடங்கள்; மக்கள்தொகையில் மிகப் பெரிய பிரிவான தென் சீனருக்கும் அதே கால் பங்குதான். படித்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். மருத்துவம், எழுத்தர் வேலை, ஆசிரியத் தொழில், நாடகம். குவான் ஹான்சிங் போன்றவர்களால் சீன நாடகம் செழித்தது இந்தக் காலத்தில்தான். ஜெங் சிசியாவோ என்ற ஓவியர், நாடு பறிபோனபின் மண் இல்லாமல் வேர் தெரிய ஆர்க்கிட் செடிகளை வரைந்தார் என்பது சீனர்கள் இன்றும் சொல்லும் செய்தி.

அப்புறம் காகிதப் பணம். குப்லாய் 1260இல் வெளியிட்ட நோட்டுகள் முதலில் வெள்ளியின் பலத்தில் நன்றாகவே ஓடின. ஜப்பான், வியட்நாம், ஜாவா என்று போருக்குமேல் போர் வரவும் அச்சடித்துத் தள்ளினார்கள். 1287இல் பழைய நோட்டு ஐந்துக்குப் புது நோட்டு ஒன்று என்று மாற்ற வேண்டிவந்தது. 1350களில் பணம் வெறும் தாளாகிவிட்டது. மஞ்சளாறு கரை உடைந்து வெள்ளம், அதைச் சீரமைக்கக் கட்டாய வேலை, 1351இல் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி, 1368இல் மிங் அரசு. போர்வீரர் குடும்பம், கைவினைஞர் குடும்பம் என்று மக்களைப் பரம்பரையாகப் பிரித்துப் பதியும் முறையை மட்டும் மிங் அரசு மங்கோலியரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது.

கொரியா அரசை இழக்கவில்லையே, அது தப்பித்தது என்று சொல்லலாமா?

அரசகுலம் தப்பித்தது. 1231இல் படையெடுப்பு தொடங்கியதும், கொரியோ நாட்டின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த சோய் என்ற படைத்தலைவர் குடும்பம் அரசவையைக் கங்வா தீவுக்கு மாற்றியது. மங்கோலியருக்குக் கடல் பழக்கமில்லை. தீவு பத்திரமாக இருந்தது. கரையில் இருந்த மக்கள்தான் முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப அடிபட்டார்கள். 1254 ஒரே ஆண்டில் 2,06,800க்கு மேற்பட்டவர்கள் சிறைபிடிக்கப்பட்டதாகக் கொரிய வரலாற்று நூல் சொல்கிறது. 1238இல் ஹ்வாங்யோங்சா கோயிலின் பெரிய மரக்கோபுரம் எரிந்தது. புத்தரின் அருளால் நாடு காப்பாற்றப்படும் என்று நம்பி, 1236இலிருந்து 1251 வரை 81,258 மரக்கட்டைகளில் பௌத்த மறைநூல் முழுவதையும் செதுக்கினார்கள். ஹேயின்சா கோயிலில் அவை இன்றும் இருக்கின்றன.

1259இல் பணிந்தபின் அரச குடும்பம் குப்லாய் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டது. பட்டத்து இளவரசர்கள் சீனத் தலைநகரில் வளர்ந்து, மங்கோலிய இளவரசிகளை மணந்து, ஊருக்கு வந்து ஆண்டார்கள். ஜப்பான் படையெடுப்புகளுக்குக் கப்பல் கட்டியதும் கொரியர்களே. 1274இல் சில மாதங்களுக்குள் 900 கப்பல்கள் என்று உத்தரவு. கப்பமாகப் பெண்களையும் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பயந்து சிறு வயதிலேயே மகள்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அப்படி அனுப்பப்பட்ட கீ குடும்பத்துப் பெண் ஒருத்தி, யுவான் பேரரசர் தோகோன் தெமூரின் பட்டத்தரசியாகவே ஆனார். அவர் அண்ணன் கொரியாவில் ஆடிய ஆட்டத்துக்கு 1356இல் கொங்மின் அரசர் முடிவு கட்டினார்.

ரஷ்யாவின் கொடுங்கோல் ஆட்சிமுறைக்கு மங்கோலியர்தான் காரணமா?

அப்படிச் சொல்வது மிகை. 1237-40இல் ரியாசான், விளாதிமிர், கீவ் எரிந்தன. நுட்பமான கண்ணாடிப் பூச்சு நகைத்தொழில் போன்ற கலைகள் அற்றுப்போயின. கல்லில் கட்டுவது பல பத்தாண்டுகளுக்கு நின்றது. ஆனால் காட்டு நாடான ரஷ்யாவில் மங்கோலியர் வந்து குடியேறவில்லை. தெற்கே வோல்கா கரையில் இருந்துகொண்டு, எந்த இளவரசர் பெரிய இளவரசர் என்று பட்டயம் கொடுத்தார்கள். மக்கள்தொகை கணக்கெடுத்து வரி போட்டார்கள். படையெடுப்பில் விழாத நோவ்கரோத், 1257-59இல் கணக்கெடுப்பாளர்களை எதிர்த்தது. அவர்களை அடக்கிக் கணக்கெடுக்க உதவியவர் ரஷ்ய இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கியே.

பிறகு வசூல் வேலை இளவரசர்கள் கைக்கே வந்தது. அதில் கெட்டிக்காரர் மாஸ்கோவின் முதலாம் இவான். 1327இல் த்வேர் நகரம் கானுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, மங்கோலியப் படையோடு போய் அதை அடக்கினார். பெரிய இளவரசர் பட்டமும் வசூல் உரிமையும் மாஸ்கோவுக்கு வந்தன. திருச்சபைத் தலைவரும் மாஸ்கோவில் குடிபுகுந்தார். மாஸ்கோ வளர்ந்ததற்கு மங்கோலியர் காரணம் என்றால் அது சரி. பிற்கால ஜார்களின் கொடுமைக்கும் அவர்களையே காரணம் காட்டுவது, ரஷ்ய ஆட்சியாளர்கள் தாங்களே எடுத்த முடிவுகளுக்குச் சாக்குச் சொல்வதாகிவிடும்.

மதச் சகிப்பு உண்மையா? தமிழர்களுக்கு இதில் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்மை, அதற்கு ஒரு கணக்கும் இருந்தது. எந்தச் சாமியானாலும் கானுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும், பதிலுக்குக் குருமாருக்கு வரிவிலக்கு. 1267இல் தங்க நாடோடிக் கூட்டத்தின் கான் மெங்கு தெமூர் ரஷ்யத் திருச்சபைக்குக் கொடுத்த பட்டயத்தின் சாரம் இதுதான். மீறினால் பொறுக்கமாட்டார்கள். அரசவை விருந்தை முஸ்லிம் வணிகர்கள் உண்ண மறுத்ததால், குப்லாய் 1280 வாக்கில் அவர்கள் முறைப்படி ஆடு அறுப்பதையே தடைசெய்தார். 1281இல் தாவோயிச நூல்களை எரிக்கச் சொன்னார். ஈரானில் கசன் முஸ்லிமானதும் பௌத்தக் கோயில்கள் இடிக்கப்பட்டன.

தமிழர் தொடர்பு இந்த இடத்தில்தான் வருகிறது. தென் சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகான் திருமேனி நன்றாக இருக்கும்பொருட்டு, அந்தக் கானின் ஆணைப்படி திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது. செகசைகான் என்பது குப்லாயைத்தான் குறிக்கிறது என்பது அறிஞர்கள் கருத்து. ரஷ்யப் பாதிரியாரிடம் கேட்ட அதே வேண்டுதல், சுவான்சோவில் சிவன் கோயிலிலும் செய்யப்பட்டிருக்கிறது. கீவிலிருந்து கடற்கரைச் சீனா வரை ஒரே ஆட்சிக் கொள்கை ஓடியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தமிழகத்தை மங்கோலியர் தொட்டதில்லை. வணிகம் தொட்டது. பாண்டிய நாட்டுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. அவற்றை அனுப்பிய கிஷ் தீவின் ஜமாலுத்தீன், ஈல்கானரசின் கீழ் பார்ஸ் மாகாண வரியைக் குத்தகை எடுத்தவர். அவர் சகோதரர் தகியுத்தீன் பாண்டியர் அரசவையில் செல்வாக்கோடு இருந்தார். குப்லாயின் தூதர் யாங் திங்பி கொல்லம் வரை வந்திருக்கிறார். சுவான்சோவின் அயல்நாட்டு வணிகர் குடியிருப்பு 1357-66 கிளர்ச்சியில் சிதைந்தது. கோயிலின் கற்கள் வேறு கட்டடங்களில் போய்ச் சேர்ந்தன.

பாதைகள் திறந்ததால் சாதாரண மக்களுக்கு என்ன கிடைத்தது?

வணிகர்களுக்கும் தூதர்களுக்கும் நிறையவே கிடைத்தது. அஞ்சல் குதிரை நிலையங்கள் பேரரசின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆளையும் செய்தியையும் கொண்டுபோயின. பாரசீகக் கோபால்ட்டு சீனாவுக்கு வந்து, நீல-வெள்ளைப் பீங்கான் பிறந்தது. ஆனால் அந்தக் குதிரைக்கும் தீனிக்கும் செலவு செய்தது நிலையத்தைச் சுற்றியிருந்த கிராமங்கள். பொய்யான ஆணைச்சீட்டோடு வரும் வணிகர்களும் குதிரை கேட்டு மிரட்டினார்கள்; மோங்கேயும் கசனும் அதை அடக்கத் தனிச் சட்டமே போட்டார்கள்.

நோயும் அதே வழியில் நடந்தது. இன்றைய கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே 1338-39இல் இறந்தவர்களின் கல்லறைகளில் கொள்ளைநோய்க் கிருமியின் மரபணு இருந்ததை 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1346இல் கிரிமியாவின் காஃபா துறைமுகத்தை முற்றுகையிட்ட தங்க நாடோடிக் கூட்டத்துப் படைக்குள் அந்த நோய் பரவியது. அங்கிருந்து கடல் வழியாக ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் போனது.

கடைசியில் மங்கோலியர்களே என்ன ஆனார்கள்?

ஈரானிலும் புல்வெளியிலும் முஸ்லிம்களாகி, துருக்கிய மொழி பேசி, ஆளப்பட்ட மக்களோடு கலந்தார்கள். சீனாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வடக்கே திரும்பினார்கள். உலகத்தின் செல்வம் வந்து குவிந்த காரகோரத்தை மிங் படை 1380களில் அழித்தது. எத்தனையோ நாடுகளுக்குப் படைக்கு ஆள் அனுப்பி மக்களைப் பிரித்துக்கொண்டதில், மங்கோலியாவும் இழந்த நாடுகளில் ஒன்று என்றே நான் எண்ணுகிறேன். செங்கிஸ்கான் வழிவந்தவர் என்ற பிறப்புரிமை மட்டும் பல நூற்றாண்டு செல்லுபடியானது. நடு ஆசியாவை நடுங்கவைத்த தைமூரே தன்னைக் கான் என்று அழைத்துக்கொள்ளாமல், செங்கிஸ் குலத்தவர் ஒருவரைப் பெயரளவுக்குக் கானாக வைத்துக்கொண்டார். அந்தக் குலத்தின் கிரே குடும்பம் ஆண்ட கிரிமியாவை ரஷ்யா தன்னோடு சேர்த்துக்கொண்டது 1783இல்.